ஆயிரத்து நூற்று நாற்பதாவது மீட்டர்

5 நவம்பர், செவ்வாய்

பத்து அணி, இருபது சீட், பதினெட்டுப் பெயர். காலையில் பாரில் காப்பி குடித்துக்கொண்டே பத்திரிகையில் எண்ணிப் பார்த்தேன். சயெத்தா கோப்பை, மின்சாரக் கார்கள் மட்டுமே ஓடப்போகும் புதுப் பந்தயத் தொடர், மார்ச்சில் தொடங்குகிறது. யார் எந்த அணியில், யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று முழுப் பக்கம் போட்டிருக்கிறார்கள். முதல் மூன்று இடமும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களுக்கும் அந்த டச்சுப் பையனுக்கும் என்று எழுதியவர் முடிவே கட்டிவிட்டார். கடைசிப் பெட்டியில் எங்களூர் வால்மோரி அணி. "முதல் டிரைவர்: யோரிஸ், பெல்ஜியம். இரண்டாவது: —". அந்தக் கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில், "பரிசீலனையில் போலந்தின் காட்ஸ்பெர் (19), நீவெஸ் ஃபரோல்ஃபி மற்றும் சிலர்."

எனக்கு மட்டும் வயதைப் போடவில்லை. மரியாதை போலிருக்கிறது. முப்பத்தாறு.

போன மாதம் வரை அந்தக் கோடு இருக்கும் இடத்தில் யாதெரின் பெயர் இருந்தது. இப்போது அவனுக்கு ஒரே வரி: "சொந்தக் காரணங்களால் விலகினார்." இருபத்து நாலு வயதில் என்ன பெரிய சொந்தக் காரணம்?

பத்து மணிக்கு லெயார்கோ வால்மோரியே போன் செய்தார். "வியாழக்கிழமை வந்து கார்ல உக்காரு. டிசம்பர் ஆறாம் தேதி மத்தியானம் பன்னெண்டு மணிக்கு டிரைவர் லிஸ்ட் போயாகணும். அதுவரைக்கும் டைம் இருக்கு. அந்தப் போலந்துப் பையன் மிலான்ல சிமுலேட்டர்ல ஓட்டிட்டிருக்கான். அவன் டைமைவிட நல்ல டைம் கொண்டுவா, சீட் உனக்கு." வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான், வார்த்தைக்கு வரி கட்டுகிறவர் மாதிரி.

ஒன்பது வருஷம் பெட்ரோல் கார்களில் பந்தயம். கடைசி இரண்டு வருஷமாகப் பணக்காரர்களுக்கு வளைவில் பிரேக் பிடிக்கச் சொல்லித்தருகிறேன். இதுவும் போனால் அவ்வளவுதான். எனக்கு இந்த சீட் வேண்டும், ரொம்ப வேண்டும். இதை எழுதி வைக்கிறேன். பின்னால் நான் அப்படியொன்றும் ஆசைப்படவில்லை என்று எனக்கே கதை விடக் கூடாது.

7 நவம்பர், வியாழன்

இந்தக் காரில் முதல் பாடம் ஏறுவது அல்ல, இறங்குவது. தலைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தால் காரின் உடம்பில் மின்சாரம் கசிகிறது என்று பொருள். ஒரு கை காரிலும் ஒரு கால் தரையிலும் இருந்தால் முடிந்தது கதை. சீட் மேல் ஏறி நின்று, இரண்டு காலையும் சேர்த்து எட்டிக் குதிக்க வேண்டும். அரை மணி நேரம் தவளையாகக் குதித்தேன்.

"இன்னும் கொஞ்சம் அழகா குதி நீவெஸ், வீடியோ எடுக்கிறேன்" என்றான் ஒரெஸ்தே. அவன்தான் கணினியில் என் கையையும் காலையும் கோடுகளாகப் பார்க்கப்போகிறவன். பழைய அணியில் நாலு வருஷம் ஒன்றாக இருந்தோம். என் கால் என்ன செய்கிறது என்று என்னைவிட அவனுக்குத் தெரியும்.

சீட் என்னுடையது இல்லை. டிரைவரை உட்கார வைத்து முதுகுக்குப் பின்னால் பையில் நுரையை ஊற்றி, அவர் உடம்பு அச்சிலேயே இறுகவிடுவார்கள். கையெழுத்து ஆகாமல் யாருக்கும் சீட் வார்ப்பதில்லை என்பது லெயார்கோவின் சட்டம். யாதெர் கையெழுத்துப் போட்டவன், அவன் சீட் இருக்கிறது. அதில்தான் உட்கார்ந்தேன். இடது இடுப்பில் இரண்டு விரல் இடைவெளி, அங்கே கொஞ்சம் பஞ்சு. மற்றபடி சரியாக இருந்தது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஓடுகளம் ப்ராத்தெல்லா. வயல்களுக்கு நடுவே ஒரு பழைய சோதனைத் தடம். சுற்று மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூடுபனி இடுப்பளவு கிடந்தது.

ஓசை இல்லை. அதுதான். பெட்ரோல் காரில் என்ஜின் எல்லாவற்றையும் மூடிவிடும். இதில் டயர் தாரை உரசுவது கேட்கிறது, பொடிக்கல் காரின் அடிவயிற்றில் அடிப்பது கேட்கிறது. காலை எடுத்தால் மட்டும் மோட்டார் தலைகீழாக வேலை செய்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். அப்போது 'ஊய்' என்று ஒரு ஊளை. மிதித்தால் அதுவும் நின்றுவிடும். பிறகு என் மூச்சு மட்டும்.

மூன்றாவது சுற்றில் சோதித்துப் பார்த்தேன். மூச்சை அடக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த மூச்சு உடனே நிற்கவில்லை.

ஹெல்மெட்டுக்குள் போகும் காற்றாக இருக்கும்.

8 நவம்பர்

உடம்பு முழுக்க வலி. வலது தோளில், விலாவில், முழங்காலுக்கு உள்பக்கம் கன்றிப்போயிருக்கிறது. என் உடம்பில் எப்போதும் கன்றும் இடங்கள் இவை இல்லை.

11 நவம்பர், திங்கள்

மார்ட்டின் திருநாள். பட்டறையில் கஷ்கொட்டை வறுத்தார்கள், புது ஒயின் திறந்தார்கள். ஒரெஸ்தே கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரைக்குக் கூப்பிட்டான்.

"பின்னாடி நேர்ப்பாதையில காலை எடுக்கிறியே, எதுக்கு?"

"எடுக்கலையே."

"எடுக்கிற. ஆயிரத்து நூத்து நாப்பதாவது மீட்டர். எல்லாச் சுத்துலயும். அரை நொடிகூட இல்ல, ஆனா அதுல ரெண்டு பத்துப்பங்கு, அதாவது பத்துல ரெண்டு பங்கு நொடி, போகுது. அந்தப் போலந்துப் பயலுக்கும் உனக்கும் வித்தியாசமே அவ்வளவுதான்."

நேர்ப்பாதையின் நடுவில் யார் காலை எடுப்பார்கள்? அங்கே வளைவு இல்லை, மேடு இல்லை. பேட்டரிக்கு மின்சாரம் சேர்க்க வேண்டுமென்றாலும் அது நேர்ப்பாதையின் கடைசியில்தான். நான் நம்பவில்லை. அவன் என் கோட்டைக் காட்டினான். நெட்டுக்குத்தாக ஒரு பள்ளம். பிறகு, நான் கேட்காமலே, இன்னொரு கோட்டை அதன் மேல் போட்டான். அதே மீட்டரில் அதே பள்ளம்.

"இதுவும் நான்தானா? எந்த நாள்?"

"இது நீ இல்ல. யாதெர். செப்டம்பர் கடைசி."

கஷ்கொட்டை வாயில் மாவாக ஒட்டிக்கொண்டது. துப்பிவிட்டேன்.

12 நவம்பர்

இன்று எடுக்கவே கூடாது என்று முடிவோடு ஏறினேன். பதினாறு சுற்று. பதினாறிலும் எடுத்திருக்கிறேன்.

14 நவம்பர், வியாழன்

ஆயிரம் மீட்டர் பலகையைத் தாண்டியதும் "மிதி மிதி மிதி" என்று வாய்விட்டுக் கத்தினேன். ரேடியோ திறந்திருந்தது. ஒட்டுமொத்தப் பட்டறையும் கேட்டிருக்கிறது. இறங்கியதும் டயர் பையன்கள் என்னைப் பார்த்து "மிதி மிதி" என்றார்கள். சிரித்தேன். வேறு என்ன செய்ய.

கத்தும்போதே 'ஊய்' கேட்டது. என் கால்தான் எழுந்தது, ஆனால் நான் எழுப்பவில்லை. இதை எப்படி எழுதுவது? தூங்கும்போது யாராவது உன் கையை நகர்த்திவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பயமாக இருக்கிறது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது. ஒன்பது வருஷம் சொன்னபடி கேட்ட கால் இது.

லெயார்கோ டைம் தாளை மடித்துப் பையில் வைத்தார். "வேகம் இருக்கு. அந்த ஒரு இடம்தான். அதைச் சரி பண்ணு." யாதெரிடமும் இதையேதான் சொல்லியிருப்பாரோ?

19 நவம்பர், செவ்வாய்

பெல்லாரியா போனேன். கோடைக்கு அப்புறம் அந்தக் கடற்கரையில் ஈ காக்கை கிடையாது. யாதெர் தன் மாமாவின் குளியல் குடில்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் தூரிகையை டின்னில் குத்தினான்.

"அக்கா, சீட் உனக்குன்னு பேசிக்கிறாங்க."

"இன்னும் இல்ல. நீ ஏன்டா விலகின?"

"நான் விலகலைக்கா. விலகினார்னு எழுதிட்டாங்க."

அவனாகவே சொன்னான். பனிக்குள் ஒரு ஆள். பழைய சாம்பல் கோட்டு, கையில் வாளி. தடத்தின் ஓரத்தில் நிற்கிறார், அல்லது பாதி தடத்தில். மூன்று தடவை. மூன்றாம் தடவை வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்த்திருக்கிறான், யாரும் இல்லை. கேமராவில் வெறும் வெள்ளை. தடத்தை வாடகைக்கு விடுகிற அலுவலகத்தில், உள்ளே யாரும் வசிக்கவில்லை, அந்தப் பக்கம் முழுக்கச் சுவர் என்று வரைபடத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"ஆளுங்க யாராச்சும் போய்த் தேடற வரைக்கும் ஓட்ட மாட்டேன்னு சொன்னேன். லெயார்கோ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. மறுநாள் பேப்பர்ல வந்துடுச்சு, சொந்தக் காரணம்னு." சிரிக்கப் பார்த்தான். "ஒருவேளை நிஜமாவே எனக்குக் கழண்டுடுச்சோ என்னவோ. நீ யாரையாச்சும் பாத்தியா?"

"இல்ல. ஆனா நீ காலை எடுக்கிற அதே இடத்துல நானும் எடுக்கிறேன்."

அவன் முகம் மாறியது. "எந்த சீட்ல உக்கார்ற?"

"உன்னோடதுல."

என் கையைப் பிடித்தான், கையெல்லாம் நீலப் பெயின்ட். "அப்படின்னா எடுத்துட்டே இருக்கா. ரெண்டு பத்துப்பங்குதானே. போகட்டும்."

ரெண்டு பத்துப்பங்குதானே. அவனுக்கு இருபத்து நாலு, அவன் சொல்லலாம்.

21 நவம்பர், வியாழன்

டெஸ்ட் முடிந்ததும் நானும் ஒரெஸ்தேயும் அந்த இடத்துக்கு நடந்தோம். ஒரெஸ்தே அளக்கும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். சரியாக அந்த மீட்டரில் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. வரைபடத்தில் இல்லாத கதவு. எதிர்ப்பக்கச் சுவரிலும் அதேபோல் ஒன்று. இரண்டிலும் துருப்பிடித்த சங்கிலி.

"முப்பது வருஷமா திறந்திருக்க மாட்டாங்க" என்றான். ஃபோட்டோ எடுத்தான். "இது பழைய மிலிட்டரி கிடங்குக்குப் போற வழியா இருக்கும். போலாமா? எனக்குப் பசிக்குது."

அவன் திரும்பிய பிறகு நான் குனிந்து பார்த்தேன். சங்கிலிதான் துரு. பூட்டு எண்ணெய் போட்டு மினுங்கியது. தாரில் ஒரு முட்டைக்கோஸ் இலை, இன்னும் வாடவில்லை.

பார்த்தேன். ஒரெஸ்தேயிடம் சொல்லவில்லை. சொன்னால் டெஸ்ட் நிற்கும், லிஸ்ட் போகும், போலந்துப் பையன் உட்காருவான்.

இலை காற்றில் வந்திருக்கும். சுற்றிலும் வயல்தானே.

26 நவம்பர், செவ்வாய்

லெயார்கோவிடம் போய், எனக்குத் தனி சீட் வார்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். கையெழுத்துக்கு முன்னால் முடியாது என்றார். ஏன் என்று இன்றுதான் சொன்னார். முப்பது வருஷத்துக்கு முன் ஒருவருக்கு முன்கூட்டியே வார்த்தாராம். அந்த ஆள் அதில் உட்காரவே இல்லை. சைக்கிளில் போகும்போது லாரி.

"அந்த சீட்டை என்ன பண்றதுன்னே எங்களுக்குத் தெரியல. ஆள் மாதிரியே மூலையில உக்காந்திருந்துச்சு. யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க."

"எனக்கு அந்தப் பயம் இல்ல. யாதெரோட சீட்லதான் என் கால் எழும்புது. என் சீட்ல எழும்பாது. எழும்பலைன்னா ரெண்டு பத்துப்பங்கு நமக்கு."

"சீட்டுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க சட்டத்துக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் வாய்க்குள் சிரித்தது இந்த மாதத்தில் முதல் தடவை. சரி என்றார்.

29 நவம்பர், வெள்ளி

வார்த்தாயிற்று. முதுகுக்குப் பின்னால் பை கொதித்துக்கொண்டு எழும்பி, தோளைப் பிடித்து, இடுப்பைப் பிடித்து, இறுகியது. கால் மணி நேரம் அசையக் கூடாது. தும்மல் வந்தது, அடக்கினேன். எழுந்து பார்த்தால் என் முதுகு, என் இடுப்பு, எல்லாம் அச்சில். என்னைப் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. இவ்வளவு சின்ன ஆளா நான்?

4 டிசம்பர், புதன்

எடுக்கவில்லை.

முதல் சுற்றே எடுக்கவில்லை. ஆயிரம் பலகை, பிறகு வெள்ளை, பிறகு வளைவு. 'ஊய்' இல்லை, ஒன்றுமே இல்லை. கால் கல்லாக இருந்தது. ஒரெஸ்தே ரேடியோவில் "இன்னொரு தடவை" என்றான். அதிலும் எடுக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசியாக ஒரு முழு வேகச் சுற்று. அதுதான் டைம். போலந்துப் பையனைவிட மூன்று பத்துப்பங்கு குறைவு. யோரிஸைவிடவும் குறைவு. லெயார்கோ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். பட்டறை முழுக்க "மிதி மிதி".

இதை எழுதத்தான் வேண்டும்.

அந்தச் சுற்றில், அந்த இடத்தில், வலப்பக்கம் ஏதோ பட்டது. மோதவில்லை. ஈரத் துணியால் கண்ணாடியில் தட்டிய மாதிரி, அவ்வளவுதான். வண்டி ஆடக்கூட இல்லை. கண்ணால் ஒன்றும் பார்க்கவில்லை. சாம்பல் நிறம் மாதிரி. பனியே சாம்பல் நிறம்தானே.

"எல்லாம் சரியா?" என்று ஒரெஸ்தே கேட்டான். சரி என்றேன்.

சரிதான். சரிதானே?

5 டிசம்பர், வியாழன்

காலையில் ஒரெஸ்தே காரின் வலது பக்கக் கண்ணாடியைத் துடைக்கும்போது கூப்பிட்டான். மூட்டில் ஒரு கம்பளி இழை மாட்டியிருந்தது. சாம்பல்.

"பறவைக் கூட்டிலேர்ந்து வந்திருக்குமோ?" என்றான்.

"இருக்கும்" என்றேன் நான்.

மத்தியானம் கிராமத்து பாரில் பியாதினா ரொட்டி வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். செகொந்தோ கிழவனை ஃபோர்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ப்ராத்தெல்லா சுவருக்கு வெளிப்பக்கம், ஓரமாகக் கிடந்தாராம். பால் வண்டிக்காரன் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறான், அஞ்சு மணிக்கு. இடுப்பெலும்பு போச்சு. "அந்தக் குளிர்ல ரெண்டு மணி நேரம். எப்படித்தான் உசுரு இருந்துச்சோ."

மூன்றிலிருந்து ஐந்து. நான் அந்த இரண்டு மணி நேரமும் பட்டறையில் ஸ்புமாந்தே ஒயின் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். பூட்டைப் பாத்தேனே. இலையைப் பாத்தேனே. பாத்துட்டுதானே மிதிச்சேன்.

6 டிசம்பர், வெள்ளி

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி. லிஸ்டுக்கு மூன்று மணி நேரம் இருந்தது.

செகொந்தோவுக்கு எழுபத்தெட்டு வயது, காதில் முடி, கண்ணில் குறும்பு. வலியோடும் சிரிக்கிறார். நான் யார் என்று சொல்லவில்லை, ஓடுகளத்திலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழப் பையைப் பார்த்தார்.

"அபராதம் போட வந்தியா மகளே? அந்தக் கதவு என் அப்பா காலத்துக் கதவு. தடம் போட நிலத்தை வாங்கினாங்க, நடுவுல இருந்த தோட்டத்தை மட்டும் நாங்க கொடுக்கல. கோழி அங்கதான், கோஸு அங்கதான். காலையில ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை போய்வருவேன். நாப்பது வருஷம். ஒரு கீறல் இல்ல."

"கார் வர்றது எப்படித் தெரியும்?"

"காது எதுக்கு இருக்கு? அங்க மூணாவது வளைவுல கியரை இறக்குவான், கேக்கும். அதுலேர்ந்து பன்னெண்டு எண்ணுவேன், போயிடுவான். சத்தம் இல்லைன்னா தடம் காலி. இந்தப் புதுசு வந்ததுலேர்ந்துதான் கொஞ்சம் பேஜார். வர்றதே தெரியாது. ஆனா பாவம், ஓட்டற பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. கதவுகிட்ட வந்ததும் எனக்காக ஊய்னு ஒரு குரல் குடுப்பாங்க. நான் நின்னுடுவேன். வாளியைத் தூக்கிக் காட்டுவேன், நன்றின்னு."

பழப் பையை அவர் மேஜையில் வைத்தேன்.

"செப்டம்பர்ல ஒரு பிள்ளை. அப்புறம் கொஞ்ச நாள் யாரும் இல்ல. அப்புறம் வேற ஒரு பிள்ளை, நவம்பர் முழுக்க. ஒரு தடவைகூடத் தவறினதில்ல. புதன்கிழமைதான் குரல் குடுக்கல. மறந்திருப்பான், பாவம். காத்துதான் என்னைக் கதவுக்கு வெளியே தள்ளிடுச்சு. கோட்டைப் பிடிச்சு இழுத்த மாதிரி."

"மறக்கலை" என்றேன். "நான்தான் அது. நவம்பர் முழுக்க வந்ததும் நான்தான். புதன்கிழமையும் நான்தான். ஏதோ பட்டது தெரியும். தெரிஞ்சும் சொல்லலை."

சிரிப்பு போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "கோழிக்கு ரெண்டு நாளா தீனி இல்ல" என்றார். மேஜை இழுப்பறையில் சாவி இருந்தது. அவர் தரவில்லை, எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு லெயார்கோவின் அறை. லிஸ்ட் மேஜை மேல். "இரண்டாவது: நீவெஸ் ஃபரோல்ஃபி." என் பெயரை அச்சில் ரொம்ப நேரம் பார்த்தேன். அழகாக இருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, இலை, துணி, இழை.

"நான் போய் அவரைப் பாக்கிறேன். இன்ஷூரன்ஸ் இருக்கு. கதவை வரைபடத்துல போடச் சொல்றேன்" என்றார் கடைசியில். "ஆனா நீ ஓட்டலாம், நீவெஸ். சட்டப்படி உன் மேல தப்பில்ல. அந்த டைம் உன் டைம்."

"அந்த டைம் எப்படி வந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். யாதெரைக் கூப்பிடுங்க. அவன் பொய் சொல்லலை."

"காலையிலயே கூப்பிட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு ஒரெஸ்தே சொன்னப்பவே புரிஞ்சுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போனை வெச்சுட்டான்."

என் பெயரை அடித்துவிட்டு நானே காட்ஸ்பெர் என்று எழுதினேன். என் கையெழுத்து மோசம், அவர் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது போயிற்று.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். நல்ல காரியம் செய்த நிம்மதி எல்லாம் இல்லை. சீட் போயிற்று என்றுதான் அழுதேன்.

9 டிசம்பர், திங்கள்

பத்திரிகையில் இருபது பெயரும் வந்துவிட்டது. வால்மோரி அணி: வாய்ப்பு மிகக் குறைவு, பத்தாவது இடம். கீழே ஒரு வரி: "நீவெஸ் ஃபரோல்ஃபி சொந்தக் காரணங்களால் விலகினார்." அதே வார்த்தைகள். எங்கேயோ தயாராக வைத்திருப்பார்கள் போல.

20 டிசம்பர்

செகொந்தோ பேசுகிறார். கோழிகளைப் பற்றி மட்டும்.

14 ஜனவரி, செவ்வாய்

இப்போது ஓடுகளத்தில் வண்டி புறப்படும்போதெல்லாம் மணி அடிக்கிறார்கள், கதவு வரைபடத்தில் இருக்கிறது, ரேடியோவில் அனுமதி வாங்காமல் நான் தடத்தைக் கடப்பதில்லை. காலை ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. செகொந்தோ வசந்தத்தில் கோலோடு நடப்பாராம். அதுவரை கோழியும் கோஸும் என் பொறுப்பு.

என் சீட்டையும் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். பட்டறை மூலையில் அது ஆள் மாதிரி உட்கார்ந்திருப்பது லெயார்கோவுக்குப் பொறுக்கவில்லை. கோழிக்கூட்டில் வைத்து வைக்கோல் போட்டேன். சிவப்புக் கோழி என் இடுப்பு இருந்த குழியில்தான் முட்டையிடுகிறது. இன்று இரண்டு.

இன்று காட்ஸ்பெருக்கு இங்கே முதல் நாள். நல்ல பையன், வெட்கப்படுகிறான், நாலு வார்த்தை இத்தாலியன் தெரியும். அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்பது லெயார்கோவின் உத்தரவு, முதல் பந்தயத்துக்கு முன் குழப்பக் கூடாதாம். அவனுக்கு இன்னும் சீட் வார்க்கவில்லை. இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு தடவை சட்டத்தை மீறியது போதும் என்கிறார். யாதெரின் சீட்டில், தோளில் கொஞ்சம் பஞ்சு வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

மூன்று மணிக்குத் தீனி போட்டுவிட்டு இந்தப் பக்கக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கதவு பூட்டியிருந்தது, சாவி என் பையில். பனி நல்ல அடர்த்தி. தடத்திலிருந்து என்னை யாரும் பார்க்க முடியாது. நானும் எதையும் பார்க்கவில்லை. தூரத்தில் மணி அடித்தது.

வண்டி மூன்றாவது வளைவுக்கு வந்திருக்கும் என்று தோன்றியதும் பன்னிரண்டு எண்ணத் தொடங்கினேன். ஒன்பது வரும்போது, சுவருக்கு அந்தப் பக்கம், கிட்டத்தில், 'ஊய்'.

அடுத்த சுற்றிலும். அதற்கு அடுத்த சுற்றிலும்.

கொஞ்ச நேரத்தில் ஒரெஸ்தே போன் செய்தான். மெதுவாகப் பேசினான், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பேசுகிற மாதிரி. "நீவெஸ், பையன் அதே இடத்துல காலை எடுக்கிறான். ஏன்டான்னு கேட்டேன். எடுக்கவே இல்லைங்கிறான். என்ன பதில் சொல்றது?"

"ஒன்னும் சொல்லாத" என்றேன். "எடுக்கட்டும்."

போனை வைத்துவிட்டு, அடுத்த சுற்று வரும்வரை நின்றேன். அது கதவைக் கடக்கும்போது வாளியைத் தூக்கிக் காட்டினேன். பிறகு ரேடியோவில் அனுமதி கேட்டுவிட்டுத் தடத்தைக் கடந்தேன்.